மலைச்சரிவு மனையில் மழைநீர் வடிகால் அமைப்பது எப்படி

கடற்கரை மணலில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதுதான் சரியான வேலை. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ ஆறடிக் குழி வெட்டி ஜல்லி நிரப்பினால், மொட்டைமாடித் தண்ணீரை மணல் குடித்துவிடும். அதே குழியைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டுக்கு மேல்புறம் வெட்டினால், அந்தத் தண்ணீர் சரிவுக்குள் இறங்கி, வீட்டுக்குப் பின்னால் வெட்டி நிறுத்திய மண்ணின் முதுகில் போய் நிற்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால், சமவெளிக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே மலைக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். சேகரிப்பு வேண்டும்தான், ஆனால் மலையில் அது தொட்டியில் நடக்கட்டும், குழியில் வேண்டாம். மிச்சத் தண்ணீர் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரிகிற வாய்க்காலில், அடக்கமான வேகத்தில் ஓடையைப் போய்ச் சேர வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் இதற்காகத்தான்.

மண்ணை முதலில் பாருங்கள்

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். அது காலங்காலமாக உளுத்து மண்ணாகிவிட்டதால், சில இடங்களில் பல மீட்டர் ஆழம் தோண்டினாலும் கெட்டிப்பாறை வராது. மேலே கறுப்பு மண் ஓரிரு அடி இருக்கும். அதன் கீழே செம்மண்ணோ மஞ்சள் களிமண்ணோ வரும். இன்னும் கீழே வெள்ளை, வெளிர் மஞ்சள், ரோஜா நிறத்தில், விரலிடையே தேய்த்தால் வழுவழுவென்று நழுவுகிற ஓர் அடுக்கு இருக்கும். இடையிடையே உளுத்துப்போகாத உருண்டைப் பாறைகள் கிடக்கும்.

மேல்மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். தேயிலைச் சரிவில் சாதாரண மழை சுவடில்லாமல் இறங்கிப்போவது அதனால்தான். அடியில் உள்ள வழுவழுப்பு அடுக்கு அந்த அளவுக்குக் குடிக்காது. நான்கைந்து நாள் விடாமல் பெய்தால் இரண்டுக்கும் நடுவே நீர் தேங்கி அழுத்தம் ஏறும், மண்ணின் பிடிப்பு தளரும். அந்த நிலையில் ஓர் இரவு கொட்டித் தீர்த்தால் மேல்மண் மொத்தமாக நழுவிவிடுகிறது. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் நடந்த சரிவும், 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகை வட்டாரங்களில் 40 பேருக்கு மேல் உயிரைப் பறித்த சரிவுகளும் கனமழையின்போது நேர்ந்தவைதாம்.

ஆகவே ஊறல் சோதனையை நம்பி ஏமாற வேண்டாம். ஓரடிக் குழியில் ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் வடிகிறது என்றால் மேல்மண் குடிக்கிறது என்று மட்டுமே தெரியும். அந்த நீர் எங்கே போய் நிற்கிறது என்பதை வெட்டுமுகம்தான் சொல்லும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்ணில் நிறம் மாறும் கோட்டைத் தேடுங்கள். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் அந்தக் கோட்டில் ஈரம் கசிந்தால், நீர் தேங்கும் மட்டம் அதுதான். தடுப்புச்சுவரின் அடியில் பதிக்கப்போகும் ஊறல் வடிகுழாய் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

எந்தப் பருவத்து மழைக்கு

மாவட்டம் சிறியதுதான், மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா, குந்தா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பதிவானது. குன்னூர், கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, பர்லியார் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கண்டம். கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவத்தைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். மண்வேலையைப் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். கோடைமழை பிடிப்பதற்குள் புல் வேர்விட ஒரு மாதமாவது வேண்டும்.

வாய்க்காலின் அளவை நாள் மழையை வைத்துப் போடக்கூடாது. சிறிய மனையில் மேலே விழுந்த தண்ணீர் ஐந்து பத்து நிமிடத்தில் கீழே வந்துவிடும். அந்தப் பத்து நிமிட வேகம்தான் கணக்கு. வீட்டு மனைக்கு மணிக்கு 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

எவ்வளவு தண்ணீர் வரும்

சூத்திரம் எளிது. பரப்பை (சதுர மீட்டர்) மழை வேகத்தால் (மணிக்கு மி.மீ.) பெருக்கி, அதை ஓட்டக் குணகத்தால் பெருக்கி, 3600 ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். ஓட்டக் குணகம் என்பது விழுந்த மழையில் எத்தனை பங்கு ஓடி வருகிறது என்பது. கூரைக்கு 0.95, வெறும் மண்ணும் சிமெண்ட் தளமும் கலந்த முற்றத்துக்கு 0.7, ஏற்கெனவே ஊறிப்போன தேயிலைச் சரிவுக்கு 0.5.

ஒரு மாதிரி மனையை எடுத்துக்கொள்வோம். 10 சென்ட், அதாவது ஏறத்தாழ 400 சதுர மீட்டர். கூரை 120, முற்றம் 280. மனைக்கு மேலே 50 சென்ட் தேயிலை, அது 2000 சதுர மீட்டர்.

கூரை: 120 × 120 × 0.95 ÷ 3600 = வினாடிக்கு 3.8 லிட்டர்.
முற்றம்: 280 × 120 × 0.7 ÷ 3600 = 6.5 லிட்டர்.
மேல்சரிவு: 2000 × 120 × 0.5 ÷ 3600 = 33 லிட்டர்.

மொத்தம் 43 லிட்டரில் முக்கால் பங்குக்கு மேல் உங்கள் மனையில் விழாத மழை. மலையில் வடிகால் தவறுகிற இடம் இதுதான். மனை எல்லைக்குள் விழும் மழைக்கு மட்டும் கணக்குப் போட்டு, நாலங்குலக் குழாய் இரண்டு போட்டு முடித்துவிடுகிறார்கள். மேலே இருக்கும் தேயிலையோ, சாலையோ, பக்கத்து வீட்டு முற்றமோ எங்கே வடிகிறது என்று பார்ப்பதில்லை. மேலே தார்ச்சாலை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் ஓர வாய்க்கால் அடைத்துக்கொண்டால் ஒரு நீளச் சாலையின் தண்ணீர் மொத்தமும் ஒரே வளைவில் உங்கள் பக்கம் திரும்பும்.

இந்தப் பரப்பை வரைபடத்தில் மட்டும் அளந்தால் போதாது. நல்ல மழையில் குடையோடு மேலே ஏறி நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தத் தடத்தில் வருகிறது, எந்தச் செடி வரிசையில் திரும்புகிறது, எங்கே சேறாக நிற்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். வெயில் காலத்தில் சமதளமாகத் தெரிகிற இடத்தில் மழையில் சின்ன ஓடையே ஓடும். அந்தத் தடத்தின் மேல் வீட்டை வைத்துவிட்டால் பிறகு எந்த வாய்க்காலும் காப்பாற்றாது.

மேல்கான்: வீட்டைக் காக்கும் வாய்க்கால்

வெட்டுமுகத்துக்கு மேலே, சரிவின் குறுக்கே போகும் தடுப்பு வாய்க்கால்தான் இந்த அமைப்பின் உயிர். காசு குறைவாக இருந்தால் முற்றத்துத் தளத்தைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடம்: வெட்டு விளிம்பிலிருந்து குறைந்தது 2 முதல் 3 மீட்டர் மேலே. விளிம்பை ஒட்டிப் போட்டால் வாய்க்காலின் எடையும் கசிவும் விளிம்பையே இடிக்கும். சரிவில் பழைய வெடிப்பு இருந்தால் வெடிப்புக்கும் மேலே தள்ளிப் போடுங்கள்.

வாட்டம்: மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. அதற்குக் குறைந்தால் மண் படியும். அதிகமானால் வேகம் கூடி அரிக்கும். கண்மட்டத்தை நம்பாமல் லெவல் டியூபை (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடித்து ஒவ்வொரு 3 மீட்டருக்கும் முளை அடியுங்கள். சரிவில் நிற்கும்போது கண் ஏமாற்றும். இறக்கம் என்று நினைத்தது எதிர்வாட்டமாக இருக்கும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று ஊறும். சரிவு விட்டுக்கொடுப்பது அநேகமாக அந்த இடத்துக்குக் கீழேதான்.

அளவு: உள்ளகலம் 30 செ.மீ., ஆழம் 30 செ.மீ. மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டத்தில், 20 செ.மீ. உயரம் தண்ணீர் ஓடினால், சற்றுச் சொரசொரப்பான வாய்க்காலிலும் வினாடிக்கு 45 லிட்டர் போகும். நமக்கு வேண்டியது 33. மேலே மிச்சமுள்ள 10 செ.மீ. இலைதழைக்கும் மண்ணுக்கும். அதைக் குறைக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டி இடையிடையே தடுப்பு விட்டு, தண்ணீரைத் தேக்கி ஊறவைக்கும் வழக்கம் உண்டு. தோட்டத்துக்கு அது நல்லது. வீட்டுக்கு மேல் உள்ள முதல் வாய்க்காலுக்கு அது ஆகாது. இங்கே அடியும் பக்கமும் பூசியிருக்க வேண்டும், ஒரு சொட்டும் தேங்கக்கூடாது.

20 மீட்டர் நீளத்துக்குக் கட்டும் முறை இது. 70 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் தோண்டுங்கள், 5.6 கன மீட்டர் மண் வரும். அந்த மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளிவிடாமல் அப்புறப்படுத்துங்கள். அடியைத் திமிசு போட்டு இறுக்கி, 1:3:6 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 10 செ.மீ. கான்கிரீட் இடுங்கள். இருபுறமும் 16 × 8 × 6 அங்குல சாலிட் பிளாக்கை 8 அங்குலப் பக்கம் படுக்கையாக வைத்து இரண்டு வரி கட்டினால் 30 செ.மீ. உயரம் வந்துவிடும். உள்பக்கமும் சுவரின் தலையும் 1:4 பூச்சு. சேதாரம் சேர்க்காமல் 200 பிளாக், 12 மூட்டை சிமெண்ட், ஜல்லியும் எம்-சாண்டும் தலா அரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். கருங்கல் மலிவாகக் கிடைக்கிற இடத்தில் கருங்கல்லே மேல். ஆனால் சந்துகளைக் கலவையால் நன்றாக அடைக்க வேண்டும்.

கொத்தனாரின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயங்கள் நான்கு உண்டு. மேல்சரிவுப் பக்கத்துச் சுவரின் தலை, தரைமட்டத்துக்கு ஓரிரு செ.மீ. கீழே இருக்க வேண்டும். அழகுக்காக அதைத் தூக்கிக் கட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே வராமல் சுவரோரமாக வெளியே ஓடி, அடிமண்ணை அரித்து, வாய்க்காலை அந்தரத்தில் தொங்கவிடும். அதே மேல்பக்கச் சுவரில் 1.5 மீட்டருக்கு ஒரு 2 அங்குலத் துளை விட்டு, பின்னால் ஒரு கூடை ஜல்லி கொட்டுங்கள். மண்ணுக்குள் வரும் ஊற்று அதன் வழியே இறங்கிவிடும். கீழ்ப்பக்கச் சுவரில் துளையே கூடாது. அந்தச் சுவருக்கு வெளியே இடைவெளி இருந்தால், அதைத் தளர்மண்ணால் நிரப்பாமல் களிமண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு இடியுங்கள். நான்காவது, 3 முதல் 4 மீட்டருக்கு ஓர் இணைப்பு இடைவெளி விட்டு, அதில் தார் ஊற்றுவது. அது இல்லாவிட்டால் வாய்க்கால் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும், ஓடுகிற நீர் மொத்தமும் அந்த ஒரு வெடிப்பில் சரிவுக்குள் இறங்கும். வெடித்த வாய்க்காலைவிட வாய்க்கால் இல்லாத சரிவே தேவலாம், அங்கே நீராவது பரவிப் போகும்.

திருப்பங்களில் வெளிப்பக்கச் சுவரை 15 செ.மீ. உயர்த்துங்கள். செங்கோணத் திருப்பம் வேண்டாம், இரண்டு மூன்று சிறு வளைவாகப் பிரியுங்கள்.

கீழே இறக்குவது

குறுக்கே வந்த தண்ணீரைச் செங்குத்தாக இறக்குவதுதான் கடினம். ஆறு மீட்டர் உயரம் தடையில்லாமல் ஓடி இறங்கும் நீர் வினாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் வந்து அடிவாரத்தைத் தோண்டிவிடும். படிக்கட்டு வாய்க்கால் கட்டுங்கள். ஒவ்வொரு படியும் 30 செ.மீ. உயரம், 45 முதல் 50 செ.மீ. அகலம், பக்கச் சுவர் 45 செ.மீ. படியில் விழும் நீர் தெறிக்கும், ஆகவே மேல்கானுக்கு வைத்த 30 செ.மீ. இங்கே போதாது. 3 மீட்டருக்கு ஒருமுறை அடியில் ஓரடி ஆழம் பல் வெட்டிக் கான்கிரீட்டை மண்ணோடு பூட்டுங்கள். இல்லையென்றால் படிவரிசை முழுவதும் மெல்ல நழுவும். கடைசிப் படியின் கீழே 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு தொட்டி வைத்தால் வேகம் அதில் செத்துவிடும்.

படி கட்டச் செலவாகிறதென்று ஆறங்குலக் குழாயைப் போடுவோர் நிறைய. செங்குத்துச் சரிவில் அந்தக் குழாய்க்குள் எவ்வளவு தண்ணீரும் ஓடும் என்பது உண்மைதான். சிக்கல் வாயில்தான். குழாயின் மையத்துக்கு மேல் 20 செ.மீ. நீர் நின்றால்கூட வினாடிக்கு 20 லிட்டர் அளவுதான் உள்ளே நுழையும். மிச்சம் 13 லிட்டர் வாய்க்காலைத் தாண்டி வழியும், அதுவும் சரிவின் மிக மோசமான இடத்தில். இது சுத்தமான தண்ணீருக்கான கணக்கு. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) பட்டை நீள நீளமாக உரிந்து வந்து வாயில் குறுக்கே ஒன்று மாட்டினால், பின்னால் வரும் சில்வர் ஓக் இலையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முழுதாக அடைத்துவிடும். மேல்சரிவுத் தண்ணீரைக் குழாய்க்குள் விடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கூரை நீருக்குக் குழாய் சரி.

வாசலுக்கோ வண்டிப் பாதைக்கோ மூடித்தான் ஆக வேண்டும் என்றால், தூக்கி எடுக்கக்கூடிய 60 செ.மீ. பலகைக் கற்களால் மூடுங்கள். மூடிய பகுதிக்கு முன்னால் 2.5 செ.மீ. இடைவெளிக் கம்பிவலையைச் சாய்வாக நிறுத்துங்கள். நேராக நிற்கும் வலை அடைத்துக்கொள்ளும், சாய்ந்த வலையில் குப்பை மேலே ஏறி ஒதுங்கும்.

கூரையும் முற்றமும்

மணிக்கு 120 மி.மீ. மழையில் நாலங்குல இறங்குகுழாய் ஒன்று சுமார் 35 சதுர மீட்டர் கூரைக்குத் தாங்கும். 120 சதுர மீட்டருக்கு நான்கு குழாய். தகரக் கூரையின் ஓரத்தில் மழைநீரைப் பிடிக்கும் வாய்க்காலுக்கு மீட்டருக்கு அரை முதல் 1 செ.மீ. வாட்டம். கீழே ஒவ்வொரு குழாயும் ஒரு சேம்பரில் விழட்டும், சேம்பர்களை ஆறங்குலக் குழாயால் மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டத்தில் இணையுங்கள். அந்தக் குழாய் வினாடிக்கு 25 லிட்டர் கொண்டுபோகும், கூரைக்கும் முற்றத்துக்கும் தாராளம்.

மலை மனை பெரும்பாலும் பாதி வெட்டு, பாதி நிரப்பு. பின்பக்கம் வெட்டிய கெட்டி மண், முன்பக்கம் கொட்டிய தளர்மண். நிரப்பிய மண் இரண்டு மூன்று மழைக்கு அமிழ்ந்துகொண்டே இருக்கும். பசை போட்டு ஒட்டிய குழாய் அந்த எல்லைக்கோட்டில் உடையும், உடைந்தது வெளியே தெரியாது, முற்றத்தின் முன்சுவர் சாயும்போதுதான் தெரியும். எல்லையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட்ட இணைப்புக் குழாயைப் பயன்படுத்துங்கள். முடிந்தால் அந்த நீளத்தைத் திறந்த வாய்க்காலாகவே விடுங்கள்.

முற்றத்து வாட்டம் வீட்டை விட்டும் தடுப்புச்சுவரை விட்டும் விலகி இருக்க வேண்டும். தண்ணீரைச் சுவர்த் தலையை நோக்கி விட்டு, 'தானாக வழிந்துவிடும்' என்று சொல்வோரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தொட்டி வைப்பவர்களுக்கு: 120 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சேதாரம் போக ஆயிரம் லிட்டர் கிடைக்கும். 5,000 லிட்டர்த் தொட்டி 5 செ.மீ. மழையில் நிரம்பும், நிரம்பியதும் எடை ஐந்து டன். அதை நிரப்பு மண்ணில் வைக்காமல் வெட்டிய பக்கம் வையுங்கள். வழிந்தோடும் குழாய் உள்வரும் குழாயின் அளவிலேயே இருந்து, நேராக வடிகாலில் சேர வேண்டும். தொட்டி நிரம்பிய பிறகு பெய்யும் மழைதான் பெரிய மழை.

தடுப்புச்சுவரின் பின்னால்

3 மீட்டர் உயரச் சுவரின் பின்னால் தண்ணீர் முழு உயரம் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் தண்ணீர் மட்டுமே நாலரை டன் தள்ளும். வடிகிற நிலையில் உள்ள மண் தள்ளுவது அதில் ஏறத்தாழ 60 சதவீதம். சுவர் தடிமனாகத்தான் இருக்கிறது, எப்படி விழுந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

சுவரின் குறுக்கே நீர் வெளியே வடிவதற்கு 3 அல்லது 4 அங்குலத் துளைக் குழாய்களை 1 மீட்டருக்கு ஒன்று வீதம், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடம் மாற்றி வையுங்கள். வெளிநோக்கி வாட்டம் வேண்டும். கீழ்வரி, தரைக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டடி அகலத்துக்குக் கல்லும் ஜல்லியும் நிரப்புங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே நெய்யாத ஜியோ துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) கட்டாயம். இந்த மலையின் மண் மிக நைசு, துணி இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஜல்லியின் சந்தெல்லாம் களிமண் ஏறிவிடும். சிமெண்ட் சாக்கை வைத்துச் சமாளிப்பது பயனில்லை, அது கிழியும் அல்லது அடைக்கும்.

சுவரின் அடியில், ஜல்லிக்குள், பக்கத்தில் துளையிட்ட நாலங்குல ஊறல் வடிகுழாய் ஒன்றை மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டத்தில் பதியுங்கள். துளைகள் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் குழாய் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் தங்கிவிடும். இரு முனையையும் சுவருக்கு வெளியே கொண்டுவந்து விட்டால், பிறகு கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். ஜல்லியின் தலையை ஓரடிக் களிமண்ணால் மூடி இடித்து, மேற்பரப்புத் தண்ணீர் அதற்குள் இறங்காமல் தடுங்கள். கூரைக் குழாயைச் சுவரின் பின்பக்க நிரப்பில் விடுவதைப் பல வீடுகளில் காணலாம். சுவரை இடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கட்டி முடித்த பின் வரும் ஆபத்து பெயின்டர்தான். துளையிலிருந்து வடியும் செந்நீர் சுவரைக் கறையாக்குகிறது என்று பூசி அடைத்துவிடுவார்கள். கறை வேண்டாமென்றால் துளைக்குழாயை 10 செ.மீ. வெளியே நீட்டிவிடுங்கள்.

மழை இல்லாத தண்ணீர்

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 540 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். அதை ஒரே உறைகுழியில், முற்றத்தின் முன்விளிம்பில் இறக்கினால், மழைக்காலம் வருவதற்கு முன்பே அந்த மண் ஊறித் தயாராக நிற்கும். செப்டிக் தொட்டி நீர் கசியாமல் இருக்கட்டும். அதன் வெளியேற்றம் வெட்டுக்கும் நிரப்புக்கும் விளிம்பிலிருந்து விலகி, யார் வீட்டுக்கும் நேர் மேலே இல்லாத இடத்தில் அமையட்டும். இடம் இல்லாத மனைகளில் அவ்வப்போது லாரி வைத்து எடுத்துவிடுவதே நேர்மையான வழி. ஊற்றிலிருந்து இழுத்துவரும் கறுப்பு ஓஸ் குழாய்களையும் பாருங்கள், இணைப்பில் இரவும் பகலும் சொட்டும் நீர் அதே வேலையைச் செய்யும்.

எங்கே கொண்டுவிடுவது

வடிகால் மனை எல்லையோடு முடியக்கூடாது. அருகிலுள்ள இயற்கை ஓடை, அல்லது உள்ளாட்சியின் வடிகால், இரண்டில் ஒன்றில் சேர வேண்டும். பொது வடிகாலில் இணைக்க நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியிடமும், நெடுஞ்சாலை ஓரமென்றால் அந்தத் துறையிடமும் கேட்டுச் செய்யுங்கள். வழியில் பக்கத்துத் தோட்டம் இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கீழ்வீட்டுக்காரர் மாறினாலும் அது நிற்கும்படி எழுதுங்கள். ஓடையில் விழும் இடத்தில் 15 முதல் 25 செ.மீ. கற்களை ஒன்றரை மீட்டர் நீளத்துக்குப் பாவுங்கள். ஓடையின் போக்கிலேயே சாய்ந்து சேர வேண்டும், எதிர்க்கரையைக் குத்தக்கூடாது.

நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்த அளவு வடிகாலுக்கு அவை தேவையும் இல்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு ஐந்தாறு ஆள் செய்கிற வேலை இது, சரிவும் அதிராது.

வாய்க்காலின் இருபுறமும் வெறும் மண்ணாக விட்ட இடத்தில் புல் பதியுங்கள். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் வெட்டிவேரை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் சரிவின் குறுக்கு வரிசையாக நடலாம். உதகையின் உறைபனியில் அதன் தழை கருகும், அங்கே கிக்குயு புல் சுலபமாகப் படரும். வெட்டு விளிம்பில் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ பெரிதாக வளர விட வேண்டாம், காற்றில் ஆடும்போது வேரோடு மண்ணையும் இளக்கும்.

பராமரிப்பும் அபாய அறிகுறியும்

மே கடைசியில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை மேல்கானை முழு நீளமும் வாரி, இணைப்புத் தாரைப் பார்த்து, துளைக்குழாய்களில் கம்பி விடுங்கள். பருவமழையின்போது ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் கம்பிவலையைத் துடையுங்கள். வாரிய மண்ணை வாய்க்காலின் கீழ்க்கரையில் குவிக்க வேண்டாம், அடுத்த மழைக்கு அது வெட்டுமுகத்தின் மேல் சுமையாகும்.

துளைகளில் தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது, ஜியோ துணி கிழிந்திருக்கலாம். பெருமழையில் வடிந்துகொண்டிருந்த துளை திடீரென்று நின்றால் அது இன்னும் மோசம், உள்ளே அடைத்து நீர்மட்டம் ஏறுகிறது என்று பொருள். சரிவில் பிறைவடிவ வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், வயிறு தள்ளிய சுவர், நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் சரிவு நகரத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளுங்கள்.

வெயில் அடிக்கும்போது பார்த்த வெடிப்பு என்றால், களிமண்ணைத் திணித்து இடித்து, மேலே தார்ப்பாயை விரித்து, மேல்பக்க விளிம்பை ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிட்டு, பொறியாளரை அழையுங்கள். மழை கொட்டும்போது பார்த்தால் வாய்க்காலைச் சரிசெய்யச் சரிவில் ஏற வேண்டாம். வீட்டில் உள்ளவர்களையும் நேர்கீழே உள்ள வீட்டுக்காரர்களையும் எழுப்பி, சரிவின் போக்குக்குப் பக்கவாட்டில் விலகிப் போய், 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குச் சொல்லுங்கள். மழை விட்டதும் திரும்பிப் போக வேண்டாம். மண்ணுக்குள் ஏறிய தண்ணீர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள்ளும் சரியலாம்.